பத்திரமும் பற்றும்: ஆங்கிலக் கால்பந்து ரசிகர்களின் ஐயம் குறித்து

ஆறாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் பாகுபாட்டை மாணவர்க்கு விளக்குவது வழக்கம். 'சாத்தனது கை' தற்கிழமை, சாத்தனிடமிருந்து பிரிக்கவியலாதது. 'சாத்தனது வீடு' பிறிதின்கிழமை. அதனை விற்கலாம், பிறர் கைக்குப் போகலாம். ஒரு கால்பந்து ரசிகர் 'எங்கள் அணி' என்று கூறுகையில், அதனை எந்தக் கிழமையில் சேர்ப்பது? சட்டப்படி நோக்கினால் இரண்டிலும் சேராது. கழகம் பங்குதாரருடையது, ரசிகர் சீட்டு வாங்கி உள்ளே வருபவர், அவ்வளவே. ஆனால் தந்தையும் பாட்டனும் நின்ற படிக்கட்டிலேயே தாமும் நின்று ஆட்டம் பார்த்தவர், அதனைத் தற்கிழமையாகவே உணர்கிறார். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்த முரண் பணக்கணக்காக வெளிப்பட்டது. கழகங்கள் ரசிகர்களிடம் பெருந்தொகை கேட்டன, ரசிகர்கள் ஐயுற்றனர். அந்த ஐயம் கஞ்சத்தனமா, அறிவுடைமையா என்பதே இங்கு நாம் ஆராய விழைவது.

பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலில் சிக்குண்டு மாண்ட லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை இறுதியில் 97 ஆயிற்று. நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, நின்று பார்க்கும் படிக்கட்டுகளை அகற்றி, அரங்கங்களை முழுதும் இருக்கைகள் கொண்டவையாக மாற்றுமாறு பரிந்துரைத்தது. நின்று பார்த்துவந்த எளியோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இருக்கைகள் கிடைக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவ்வறிக்கையில் இருந்தது. கழகங்கள் முதற்பகுதியைப் பற்றிக்கொண்டன. பிற்பகுதியைப் பெரும்பாலும் மறந்தன.

கட்டடச் செலவுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகளுள் ஒன்றே 'பத்திரம்'. 1991இல் வடக்கு லண்டனின் ஆர்சனல் கழகம் 1,100 பவுண்டு, 1,500 பவுண்டு என இரு விலைகளில் பத்திரங்களை அறிவித்தது. அதே ஆண்டில் கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் 500 முதல் 975 பவுண்டு வரையிலான பத்திரங்களை விற்கத் துணிந்தது. பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் வட்டி, பங்கு, வாக்குரிமை போன்றவை நம் நினைவுக்கு வரலாம். இங்கே அவையொன்றும் இல்லை. பத்திரம் வாங்கினால் கிடைப்பது இருக்கைகூட அன்று. அந்த இருக்கைக்கான ஆண்டுச் சீட்டை, ஆண்டுதோறும் தனியே பணம் கொடுத்து, வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே.

வெஸ்ட் ஹாமின் பிறப்பை அறிந்தவர்க்கு இதன் கசப்பு எளிதில் விளங்கும். தேம்ஸ் ஆற்றங்கரையின் இரும்பாலைத் தொழிலாளருக்காக 1895இல் தொடங்கப்பட்ட அணியே 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் எனப் பெயர் பெற்றது. கப்பல் துறைகள் மூடப்பட்டு வேலைகள் அருகிப்போன வட்டாரம் அது. நாடும் அப்போது பொருளாதாரச் சரிவில் இருந்தது. அணியோ அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்நிலையில், பத்திரம் வாங்காதவர் இதுகாறும் அமர்ந்திருந்த இடத்தை இழக்கக்கூடும் என்ற அச்சம் பரவியது. அன்பின் பெயரால் விடுக்கப்பட்ட அழைப்பு, மிரட்டலாகவே செவிகளில் விழுந்தது.

ரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. ஆட்டம் முடிந்த பின்னும் கலையாமல் நின்று முழங்கினர். இயக்குநர் குழு பதவி விலகவேண்டுமென்றனர். 1992 பிப்ரவரி 29 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தின்போது திடலுக்குள் இறங்கி நடுவட்டத்தில் அமர்ந்தனர். அணியின் மேலாளராக அப்போது இருந்தவர், அக்கழகத்துக்கே நெடுங்காலம் ஆடிய பில்லி பாண்ட்ஸ். பத்திரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவருடைய குடும்பப் பெயராகவும் அமைந்தது வரலாற்றின் குறும்பு. ரசிகர்கள் ஒரு பாண்ட்ஸை நேசித்தனர், மற்றொன்றை வெறுத்தனர். அப்பருவத்தின் முடிவில் வெஸ்ட் ஹாம் கடைசி இடம் பெற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. விற்ற பத்திரங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை.

ஆர்சனல் ஒருவாறு தப்பிப் பிழைத்தது. பழைய படிக்கட்டு இடிக்கப்பட்டு, 1993இல் புதிய மேடை எழுந்தது. கட்டுமானத்தை மறைக்க எழுப்பப்பட்ட மாபெரும் ஓவியத் திரையில் ஆயிரக்கணக்கான முகங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை என்பது சுட்டிக்காட்டப்பட்ட பின்னரே திருத்தப்பட்டது. யாருக்காகக் கட்டுகிறோம் என்று எண்ணிப்பாராமல் கட்டினால் இத்தகைய பிழைகள் நேரும்.

பத்திரம் வாங்கியோர் நிலை என்ன? இங்கு நியூகாசில் வரலாறு நமக்குப் பாடமாகிறது. 1994இல் அக்கழகத்தின் ரசிகர்கள் தலைக்கு 500 பவுண்டு கொடுத்துப் பத்தாண்டுக்கால இருக்கை உரிமையை வாங்கினர். 1999இல், அரங்கை விரிவாக்கும்போது, நிறுவன விருந்தினர்களுக்கு இடம் வேண்டுமெனக் கூறி, ஏறத்தாழ 4,000 ரசிகர்களை அவர்தம் இடங்களிலிருந்து பெயர்க்கக் கழகம் முற்பட்டது. பத்திரம் வைத்திருந்த அறுவர் நீதிமன்றம் சென்றனர். ரசிகர்களை வேறிடத்துக்கு மாற்றக் கழகத்துக்கு அதிகாரமுண்டு என்ற விதி ஒப்பந்த வாசகத்திலேயே இருந்தது. 2000இல் உயர்நீதிமன்றமும், பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது உறவு. ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்தது அதிகாரம். வெஸ்ட் ஹாம் ரசிகர்களின் ஐயம் வீணன்று என்பதை, எட்டாண்டுகளுக்குப் பின் வேறோர் ஊர் மெய்ப்பித்தது.

இணையக் காலத்தில் இதன் மறுபக்கம் தோன்றியது. 2007இல் தொடங்கிய ஒரு திட்டம், ஆண்டுக்கு 35 பவுண்டு செலுத்தினால் கழகமொன்றைக் கூட்டாக வாங்கலாம், அணித்தேர்விலும் வாக்களிக்கலாம் என்றது. பல நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 30,000 பேர் சேர்ந்தனர். கென்ட் மாவட்டத்தின் எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட்டில் பெரும்பான்மைப் பங்கு 2008 பிப்ரவரியில் அவர்கள் கைக்கு வந்தது. மே மாதத்திலேயே அவ்வணி வெம்ப்ளி அரங்கில் எஃப்.ஏ. டிராபியை வென்றது. கனவு பலித்தது எனத் தோன்றியது. ஆயினும் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் வேளை வந்தபோது பெரும்பாலோர் அகன்றனர்; சில ஆண்டுகளில் எண்ணிக்கை சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 2013இல் எஞ்சிய உறுப்பினர்கள் தம் பங்குகளைக் கைவிட வாக்களித்தனர். வெஸ்ட் ஹாமில் பற்று இருந்தது, உரிமை தரப்படவில்லை. எப்ஸ்ஃப்ளீட்டில் உரிமை தரப்பட்டது. ஆனால் அதைப் பெற்ற பலருக்கு அந்த ஊரில் வேர் இல்லை.

இரண்டும் ஒருங்கே அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு விம்பிள்டன் சான்றாகும். 2002இல் தம் கழகம் வெகுதொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்க்கப்பட அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தாமே நிறுவினர். மிகத் தாழ்ந்த பிரிவிலிருந்து தொடங்கி 2011இல் தேசியக் கால்பந்து லீகை அடைந்தனர். பழைய வட்டாரமான பிளவ் லேனில் புதிய அரங்கம் கட்டுகையில் பணம் போதாமற் போயிற்று. வெளி முதலீட்டாளரிடம் கழகத்தின் கட்டுப்பாட்டை இழக்க நேரிடுமோ என்ற நெருக்கடியில், 2020இல் அவர்களும் பத்திரமே வெளியிட்டனர். திருப்பித் தரும் காலம் அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. எவ்வளவு வட்டி வேண்டும், அல்லது வேண்டாம் என்பதை வாங்குபவரே முடிவு செய்யலாம். ஐம்பது லட்சம் பவுண்டுக்கும் மேலாகத் திரண்டது. அவ்வாண்டு நவம்பரில் புதிய அரங்கில் ஆட்டம் தொடங்கியது.

அதே நாடு, அதே விளையாட்டு, பெயரளவில் அதே பத்திரம். ஒன்றை ஆயிரம் பேர்கூட வாங்கவில்லை. மற்றொன்று ஓர் அரங்கத்தையே கட்டி முடித்தது. ஆகவே 1992இல் நடுவட்டத்தில் அமர்ந்தோரைக் கொடுக்க மனமில்லாதவர் என்று பழிப்பது பொருந்தாது என்பதே நம் துணிபு. கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டா என்று அவர்கள் கேட்டனர். கழகம் அதற்கு விடையளிக்கவில்லை. அவர்கள் காக்க முனைந்த அப்டன் பார்க் அரங்கில் 2016 மே மாதம் கடைசி ஆட்டம் நடைபெற்றது. பின்னர் அது இடிக்கப்பட்டு, இன்று அங்கே குடியிருப்புகள் நிற்கின்றன.