தொங்கலும் குழியும்: ஓடும் வண்டியில் உயரமான குடிகலத்தை நிறுத்திய வரலாறு

கார் விற்பனைக்கான விவரத்தாள்களில் ‘1 லிட்டர் பாட்டில் வைக்கும் வசதி’ என்ற வரி இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. முன்கதவின் அடியில் ஒரு பள்ளம், கியருக்குப் பக்கத்தில் இரண்டு வட்டக் குழிகள். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவிலேயே முடித்துவிடுகிறார்கள். கீழத்தஞ்சையில், நன்னிலம் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் வேறு வரிசை தெரிகிறது. இங்கே வண்டியில் நீரும் கஞ்சியும் கொண்டுபோன வழக்கம் குழியை நம்பியிருக்கவில்லை, தொங்கலை நம்பியிருந்தது. கலம் உயரமானால் குழி ஏன் தடுமாறுகிறது, தொங்கல் ஏன் தடுமாறுவதில்லை, அப்படியிருந்தும் கார் செய்தவர்கள் ஏன் குழியையே பிடித்துக்கொண்டார்கள் என்பவை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

தூக்குவாளியும் கூஜாவும்

நடவுக்கோ அறுப்புக்கோ சைக்கிளில் போகிறவர் கைப்பிடியில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு போவது டெல்டாவில் பழகிப்போன காட்சி. அலுமினியமோ எவர்சில்வரோ, மேலே வளைந்த பிடி, இறுக்கமான மூடி. வாய்க்கால் கரையில் சைக்கிள் எப்படிக் குலுங்கினாலும் கஞ்சி பெரும்பாலும் சிந்துவதில்லை. மூடி மட்டும் அதற்குக் காரணமில்லை. பிடி மாட்டியிருக்கும் புள்ளி மேலே இருக்கிறது, கஞ்சியின் எடை கீழே இருக்கிறது. சைக்கிள் சட்டென்று நின்றால் வாளி முன்னால் ஊசலாடும். அப்போது வாளியும் சேர்ந்து சாய்வதால், உள்ளிருக்கும் நீர்மட்டம் வாளியின் அடித்தட்டுக்கு ஏறக்குறைய இணையாகவே நிற்கும். மேசைமேல் வைத்த டம்ளருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அது நேராக நிற்கும், உள்ளிருக்கும் நீர் மட்டும் சாயும்.

தூர வழிக்குக் கூஜா. அகன்ற வயிறு, குறுகிய கழுத்து, திருகு மூடி, மேலே மடங்கும் பிடி. நன்னிலம் வழியாகச் சென்ற மாயவரம்–முத்துப்பேட்டை மீட்டர்கேஜ் பாதையைத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு 1894-ல் திறந்தது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. ரயில் பயணம் பெருகப் பெருகக் கூஜாவும் குடும்பத்தோடு பயணம் போகும் சாமானாயிற்று. பெட்டியில் அது இருக்கைக்கு அடியில் இருக்கும், இல்லாவிட்டால் பிடியில் கயிறு கோத்து ஜன்னல் கம்பியில் தொங்கும். உட்கார்ந்த நிலையிலும் அது எளிதில் கவிழாது. எடையெல்லாம் வயிற்றில் தாழ்ந்து கிடப்பதால், ஏறத்தாழத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் கணக்குதான் அதற்கும்.

டீக்கடைக் கம்பிக்கூடையையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஆறு அல்லது எட்டுக் கம்பி வளையங்கள், ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில் ஒரு குறுக்குக் கம்பி, நடுவில் உயர்ந்து நிற்கும் பிடி. கடைப்பையன் அதைத் தூக்கிக்கொண்டு சன்னாநல்லூர் பேருந்து நிறுத்தம் போன்ற நெரிசலில் நுழைந்து போகிறபோது ஒவ்வொரு கிளாஸும் வளையத்தில் நிற்கிறது, கூடை முழுவதும் அவன் கையில் தொங்குகிறது. வளையம் கிளாஸை அதன் நடு உயரத்துக்கு மேலே பிடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கப் ஹோல்டர் வடிவமைத்தவர்கள் வெகுகாலம் கோட்டைவிட்டது இந்த ஒன்றைத்தான்.

அமெரிக்கக் குழி

அமெரிக்காவில் கதை காரை நிறுத்திக் குடிப்பதில் தொடங்கியது. டிரைவ்-இன் திரையரங்குகளும் டிரைவ்-இன் உணவகங்களும் பெருகிய காலத்தில், ஜன்னல் கண்ணாடியில் கொக்கிபோட்டு மாட்டும் தட்டுகள் வந்தன. முன்பெட்டியின் (கிளவ் பாக்ஸ்) மூடியைத் திறந்து கீழே சாய்த்தால், அதன் உட்புறத்தில் கோப்பை வைக்க ஆழமில்லாத வட்டப் பள்ளங்கள் இருக்கும். வண்டி நகர்ந்தால் அவை எதற்கும் உதவா. 1957-ல் வந்த கேடில்லாக் எல்டோராடோ புரோம் காரின் முன்பெட்டியில் காந்தம் பொருத்திய உலோக டம்ளர்களே கொடுத்தார்கள். ஆடம்பரம்தான், ஆனாலும் கோப்பை நழுவக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. கவிழக்கூடாது என்ற கவலை தெரியவில்லை.

1980-ல் செவன்-இலெவன் கடைகள் ‘பிக் கல்ப்’ என்ற பெயரில் 32 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 950 மி.லி. குளிர்பானக் கோப்பையை விற்கத் தொடங்கின. 1983 இறுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் ஆகிய மினிவேன்கள் வெளிவந்தபோது கோப்பைக்கான குழி வண்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. கப் ஹோல்டரின் வரலாற்றில் இந்த ஆண்டை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குழிக்கு அளவுகோலாக இருந்தவை குளிர்பான டின்னும் காபிக் கோப்பையும். 330 மி.லி. டின்னின் விட்டம் 66 மி.மீ., உயரம் 115 மி.மீ. ஒரு பக்கம் கடைக்காரர் கோப்பையை வளர்த்துக்கொண்டே போனார், மறுபக்கம் கார்க்காரர் குழியைச் சிறிதாகவே வைத்திருந்தார். உயரமான பானத்தின் சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது.

1992 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் 79 வயது ஸ்டெல்லா லீபெக், நிறுத்தியிருந்த காரில் காபிக் கோப்பையை முழங்கால்களுக்கு இடையே வைத்து மூடியைத் திறந்தார். 82 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் இருந்த காபி கொட்டி, தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அவர் உடல் வெந்துபோனது. அந்தக் காரில் கப் ஹோல்டர் இல்லை. 1994-ல் நடுவர் குழு மெக்டொனால்ட்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு காபியின் சூட்டைப் பற்றியதுதான். ஆனாலும் கோப்பைக்கு இடம் இல்லாத கார் என்ற குறை அதன் பின்னணியில் இருந்ததை மறுக்க முடியாது.

ஐரோப்பியர், குறிப்பாக ஜெர்மானியப் பொறியாளர்கள், காரில் குடிப்பதையே இளக்காரமாகப் பார்த்தார்கள். அமெரிக்கச் சந்தை கேட்டதால் வேண்டாவெறுப்பாகச் செய்துகொடுத்தவற்றில் பல மெலிந்த மடிப்புக் கைகள். ஸ்வீடனின் சாப் 9-5 மட்டும் (1997) பேர் வாங்கியது. முகப்புப் பலகையின் மெல்லிய பிளவிலிருந்து ஒரு துண்டு வெளியே நீண்டு, சுழன்று, வளையமாக விரியும். பார்க்க அழகு. ஒரு லிட்டர் பாட்டிலை அதில் வைக்கத் துணிகிறவர் இருக்கமாட்டார்.

உயரம் என்ன செய்கிறது

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். அடி விட்டம் சுமார் 8 செ.மீ., உயரம் சுமார் 27 செ.மீ. நிரம்பியிருக்கும்போது எடையின் மையம் அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கும். தட்டையான பரப்பில் நிற்கும் இந்தப் பாட்டில் கவிழத் தேவைப்படும் பக்க விசை, அடி விட்டத்தில் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 4/12, அதாவது புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்பும் வண்டியில் உண்டாகும் பக்க விசை ஏறத்தாழ 0.31 பங்கு. வாய்க்காலோடு சேர்ந்து நெளியும் டெல்டாச் சாலையில் இது சாதாரணத் திருப்பம். கூடவே ஒரு மதகு மேடும் சேர்ந்தால் பாட்டில் விழும். பாதி காலியான பாட்டிலின் மையம் 6 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்துவிடுவதால் அது இருமடங்கு விசையைத் தாங்கும். பயணம் தொடங்கும்போது விழுகிற பாட்டில் போகப்போகச் சமர்த்தாக நிற்பதன் காரணம் இதுதான்.

அதையே 7 செ.மீ. ஆழமுள்ள குழியில் வைத்தால்? குழியின் விளிம்பு 7 செ.மீ. உயரத்தில் பிடிக்கிறது, எடையின் மையமோ அதற்கு 5 செ.மீ. மேலே இருக்கிறது. குழி பாட்டிலைவிட 1 செ.மீ. அகலமாக இருந்தாலே போதும், பாட்டிலின் வாய் கிட்டத்தட்ட 4 செ.மீ. ஆடும். டின்னுக்காக வெட்டிய குழியில் இந்தத் தடிமனான பாட்டில் இறங்கவே இறங்காது என்பது வேறு கதை. விளிம்பு 12, 13 செ.மீ. உயரத்துக்கு வந்தால் சிக்கல் தீரும், ஏனென்றால் விசை தாங்கும் இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த ஆழமுள்ள குழியில் காகிதக் கோப்பை முழுவதுமாக மூழ்கிப்போகும், எடுக்க விரல் நுழையாது. இரண்டு இருக்கைகளுக்கு நடுவே அவ்வளவு ஆழம் வெட்டவும் வழியில்லை. அடியில் கியர் இணைப்பும் கைப்பிரேக் கம்பியும் ஓடுகின்றன. உயரத்துக்கேற்ப மாறும் கப் ஹோல்டர் தேவைப்பட்டது இந்த இரண்டு நெருக்கடிகளால்தான்.

தீர்வுகள் பலவாறாக வந்தன. அகலத்துக்கு, சுற்றுச்சுவரில் ஸ்பிரிங் வைத்த நாக்குகளும் ரப்பர் இதழ்களும். உயரத்துக்கு, அழுத்தினால் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும் அடித்தட்டு, கழற்றி எடுக்கக்கூடிய உள்வட்டம், குழிக்கு மேலே எழும்பி நிற்கும் வளையம். கடைசியாகச் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் டீக்கடைக் கம்பிக்கூடையின் சூத்திரம் அது. ஆனால் அசையும் உறுப்பு எதுவானாலும் சர்க்கரை கலந்த பானம் ஒருமுறை கொட்டினால் ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் சோர்ந்துபோகும். உற்பத்தியாளர்கள் பலர் அசையாத குழிக்கே திரும்பியதில் வியப்பில்லை. பொறியியல் பேராசிரியர் ஹென்றி பெட்ரோஸ்கி, குறையற்ற வடிவமைப்பு என்று ஒன்று இல்லை என்று வாதிட்டு 2003-ல் வெளியிட்ட நூலில் கப் ஹோல்டரையும் சேர்த்துக்கொண்டது பொருத்தமே.

பிறகு வண்டிக்குப் பதில் கலம் வளைந்துகொடுத்தது. 40 அவுன்ஸ், அதாவது சுமார் 1.18 லிட்டர் கொள்ளும் ஸ்டான்லி குவென்ச்சர் டம்ளரின் அடிப்பகுதி, கப் ஹோல்டரில் இறங்குவதற்காகவே குறுகியிருக்கிறது. மேலே பெருத்து, கீழே சிறுத்து, கூஜாவுக்கு நேர் எதிரான உருவம். நிலைத்து நிற்க வேண்டிய கலத்தைத் தலைகீழாக வடிவமைக்கும்படி அந்தக் குழி செய்துவிட்டது.

அண்ணாந்து குடிக்கிறவர்களின் கார்

தமிழ்நாட்டில் இந்தத் தேவை வேறு வழியில் வந்தது. டீயோ காபியோ குடிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்துவதுதான் வழக்கம். கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்த சாலையோரக் கடைகள் பித்தளை டவரா டம்ளரை நம்பியே நடக்கின்றன. காருக்குள் கொண்டுபோய்க் குடிக்கும் பொருளல்ல அது. எனவே திறந்த கோப்பைக்கான குழியை இங்கே யாரும் பெரிதாகத் தேடவில்லை. தேவைப்பட்டது தண்ணீருக்கு ஓர் இடம்.

பாட்டில் தண்ணீர் வணிகம் இந்தியாவில் 1965-ல் மும்பையில் பிஸ்லெரியோடு தொடங்கியது. டூபாண்ட் நிறுவனத்தின் நத்தானியேல் வையத் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலுக்கான காப்புரிமையை 1973-ல் பெற்றார். எடை குறைந்த, உடையாத அந்தப் பாட்டில் பின்னாளில் கூஜாவின் இடத்தை எடுத்துக்கொண்டது. 2013 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு ‘அம்மா குடிநீர்’ திட்டத்தைத் தொடங்கிப் பேருந்து நிலையங்களில் லிட்டர் 10 ரூபாய்க்கு விற்றபோது, ஒரு லிட்டர் பாட்டில் என்பது பேருந்துப் பயணியின் கைப்பொருளாகவே ஆகிவிட்டது. ரயில் பெட்டிகளிலும் சொகுசுப் பேருந்துகளிலும் இருக்கைக்கு எதிரே கம்பிக் கூடோ வலைப்பையோ வந்ததும் இந்தப் பாட்டிலுக்காகத்தான்.

நாம் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சுவதில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறோம். ஓட்டிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. ஓட்டுநருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் திறந்து கொடுப்பார், அல்லது வண்டி ஓரங்கட்டும். ஆகவே இங்கே தாங்கி தாங்க வேண்டியது மூடிய, கனமான, உயரமான ஒரு பாட்டிலை. அமெரிக்கரின் அச்சம் சூடான காபி மடியில் கொட்டுவது. நம்முடைய அச்சம் பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய்ச் சிக்குவது. இதற்குக் கதவின் அடியிலுள்ள ஆழமான பள்ளமே போதும். அங்கே கியரும் இல்லை, ஆழத்துக்குத் தடையும் இல்லை. இந்தியச் சந்தைக்கான கார்களில் கதவுப் பள்ளம் இவ்வளவு முக்கியமானதை வெறும் விளம்பரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. 2018-ல் வந்த மாருதி எர்டிகா கியருக்கு அருகிலுள்ள இரண்டு குழிகளுக்கும் ஏசி காற்றைத் திருப்பிவிட்டது. நம் வெயிலில் இது நல்ல யோசனைதான், ஆனால் அது குளிரவைக்கிறதே தவிர உயரத்தின் கணக்கைத் தொடவில்லை. ஸ்கோடா தன் கார்களில் குழியின் அடியில் சிறு புடைப்புகளை வைத்து, பாட்டிலைச் சுழலாமல் பிடித்து, ஒரு கையால் மூடியைத் திறக்க வழிசெய்தது. திறந்த பிறகு அண்ணாந்து குடிக்க அந்தப் பொறியாளர்கள் வழி சொல்லவில்லை.

தொங்கல் போன இடம்

கார் ஏன் தொங்கலை ஏற்கவில்லை? தொங்கும் பொருளுக்குச் சுற்றிலும் ஆட இடம் வேண்டும், கார் உள்ளறையில் அது கிடையாது. மோதலில் ஒரு கிலோ எடையுள்ள ஊசல் எறிகல்லாகிவிடும். இடமும் நிதானமான வேகமும் உள்ள கப்பல்களில் மட்டும் இரட்டை வளையத் தொங்கல், திசைகாட்டிக்கும் அடுப்புக்கும் கோப்பைக்கும் நிலைத்துவிட்டது. கார் உதிரிப்பாகக் கடைகளில் ஏசி காற்றுவாயில் மாட்டும் மலிவான பிளாஸ்டிக் வளையங்கள் கிடைக்கின்றன. டின் பானத்துக்கு அவை சரி. லிட்டர் பாட்டிலை வைத்தால் வளையம் தாங்கும், காற்றுவாயின் மெல்லிய இதழ்தான் ஒடிந்துபோகும்.

வயலில் நிலைமை வேறு. சம்பா அறுவடையில் ஈரம் வற்றாத வயல்களுக்குச் சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரமான செயின் வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடுவதால், நினைத்த நேரத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க முடியாது. இயந்திரம் முழுவதும் அதிர்கிறது, மேடை திறந்தது, வரப்பேறினால் முழு வண்டியும் சாய்கிறது. ஓட்டுநர்கள் ஈரச் சாக்கு சுற்றிய தண்ணீர்க் கேனை மேற்கூரைக் குழாயில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். சாக்கின் ஈரம் காற்றில் உலர்வதால் நீர் குளிர்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலானாலும் ஐந்து லிட்டர் கேனானாலும் கயிற்றின் முடிச்சை ஏற்றி இறக்கினால் உயரம் சரியாகிவிடுகிறது.