திராட்சைத் தோட்டத்துக்குப் போன பழவேற்காட்டுப் பெண்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே போனால் டிராக்கென்ஸ்டைன் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, வெள்ளையடித்த டச்சு வீடுகள். உலகம் முழுவதிலிருந்தும் ஒயின் ருசிக்க அங்கே ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தின் வரலாறு என்று அவர்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் உரிமையாளர்களின் பட்டியல்தான். இன்ன ஆண்டு இன்னாருக்கு நிலம் கிடைத்தது, அவர் இன்னாருக்கு விற்றார், இப்போது இன்னாரிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அவர் நம் பழவேற்காட்டில் பிறந்தவர்.

ஆவணங்களில் அவர் பெயர் கத்ரைன் வான் பாலியகாட்டா. பாலியகாட்டா என்பது பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் உச்சரித்த விதம். 'வான்' என்றால் அந்த ஊரைச் சேர்ந்தவர். 'பெரிய கத்ரைன்' என்றும் எழுதியிருக்கிறார்கள். பெற்றவள் வைத்த பெயர் ஆவணத்தில் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கடல் கடந்திருக்கிறது.

பழவேற்காட்டுக்குப் பேருந்தில் போகிற மாணவர்கள் ஏரியையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கம்பெனிக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் என்று பிறந்தார்கள், என்று இறந்தார்கள் என்பதெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தக் கம்பெனி இங்கிருந்து கப்பலேற்றிய மனிதர்களுக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது 1613ல். 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் பழவேற்காடுதான் அவர்கள் தலைநகரம். துணி வாங்கினார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், நாணயம் அடித்தார்கள். பள்ளிப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் 1619ல் ஜாவாவில் பட்டாவியா நகரத்தை உருவாக்கி, 1621ல் பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்து ஜாதிக்காய்த் தோட்டங்களைப் பிடித்த கம்பெனிக்கு, வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களை வாங்கிய சந்தைகளில் ஒன்று நம் கரை.

எப்போது வாங்கினார்கள் என்பதைப் பார்த்தால் எப்படி வாங்கினார்கள் என்பது புரிந்துவிடும். 1622, 1623 பஞ்சத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேரை ஏற்றினார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகளே வருத்தப்பட்டு எழுதினார்கள். 1646ல் நாயக்கர்களின் போரும் பீஜப்பூர் படையெடுப்பும் நாட்டைச் சூறையாடியபோது 2,118 பேர் பட்டாவியாவுக்குப் போனார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பற்றியெரிந்தபோது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மழை பொய்க்கும்போதும் படை வரும்போதும் மனிதர்களின் விலை இறங்கும். விலை இறங்கும்போது கம்பெனி வாங்கும்.

இவர்கள் எந்தச் சாதி என்று நம் தோழர்கள் கேட்பார்கள். விற்பனைச் சீட்டுக்குத் தேவைப்பட்டது பெயர், வயது, ஊர், விலை. போர்க் கைதிகள் இருந்தார்கள், தறி நின்றுபோன நெசவாளர்கள் இருந்தார்கள். கப்பலேறிய அத்தனை பேரும் தலித்துகள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் ஒரு பிடி அரிசிக்குப் பிள்ளையை விற்கும் நிலை ஊரில் யாருக்கு முதலில் வரும்? குதிரில் நெல் வைத்திருந்தவருக்கா, அந்த நெல்லை விளைவித்து அடுத்த வேளைக்குக் கூலி எதிர்பார்த்து நின்றவருக்கா? நிலமில்லாதவர் என்பதும் சேரிக்காரர் என்பதும் செங்கல்பட்டுச் சீமையில் பெருமளவு ஒன்றாகவே இருந்தது. டச்சுக்காரன் அடிமை முறையை இங்கே கொண்டுவந்து இறக்கவில்லை. மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் பழகிய ஒரு சமூகத்தில் வந்து, கப்பலுக்கு ஆள் கேட்டான். பிடித்துக் கொடுக்கத் தரகர்கள் இருந்தார்கள்.

கத்ரைன் 1631 வாக்கில் பிறந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பட்டாவியாவில் அடிமையாக இருந்தார். அங்கே கிளாஸ் வான் மலபார் என்ற, அவரைப் போலவே அடிமையாக இருந்த ஓர் ஆளோடு உறவு. ஒரு சண்டையில் அவன் இவரைத் தாக்க, இவர் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோனான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, பின்பு அதை ஆயுள் முழுதும் நாடுகடத்தலாக மாற்றியது. 1657ல் கேப் குடியேற்றத்தில் இறக்கப்பட்டார். டச்சுக்காரர்கள் அங்கே வந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கோட்டையில் தளபதியின் வீட்டுத் துணி வெளுக்கும் வேலை. இந்த வழக்கு நடந்திருக்காவிட்டால் கத்ரைன் என்ற ஒருவர் வாழ்ந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு குற்றப் பதிவேட்டில்தான் கிடைக்கிறது என்பது வரலாறு படிக்கிற மாணவர்களுக்குப் புதிதல்ல.

கோட்டையில் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற ஜெர்மானியச் சிப்பாயோடு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். 1669ல் ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பையனின் பெயர் கிறிஸ்டோஃபல். பிறகு கத்ரைன் மன்னிப்புப் பெற்று, 1671ல் ஆன்டனி வான் பெங்காலா என்ற விடுதலை பெற்ற வங்காளத்துக்காரரை மணந்தார். மகன் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகனாட் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு டிராக்கென்ஸ்டைன் பள்ளத்தாக்கிலேயே விவசாயி ஆனார். அவருடைய மாமனார் ஜாக் டி சவோய். இவருக்கு 1688ல் கிடைத்த 'வ்ரேட என் லஸ்ட்' இன்றும் பெயர்போன ஒயின் தோட்டம்.

ஸ்னைமன் இன்று ஆப்பிரிக்கானர்களிடையே நன்கு அறிமுகமான குடும்பப் பெயர். 1950ல் நிறவெறி அரசு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொருவரையும் வெள்ளை, கலப்பு, கறுப்பு என்று பதிந்தபோது, வெள்ளையர் பட்டியலில் இருந்த ஸ்னைமன்களின் மூதாதையரில் பழவேற்காட்டிலிருந்து அடிமையாகப் போன ஒரு பெண்ணும் இருந்தார். இரத்தத் தூய்மை பேசுகிறவர்களின் வம்சாவளி எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கும்போல. ஸ்டெல்லன்போஷ் என்ற ஒயின் நகரத்துக்குத் தன் பெயரைச் சூட்டியவரும், 1685ல் கான்ஸ்டான்ஷியா தோட்டத்தைத் தொடங்கியவருமான ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெலின் தாய்வழிப் பாட்டியும் அடிமையாக இருந்து விடுதலையான ஓர் இந்தியப் பெண்தான். அவருக்கு அந்த நிலத்தை வழங்கியவர் கம்பெனியின் ஆணையர் வான் ரீட். கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிய 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலால் இங்கே அறியப்பட்ட அதே ஆள். பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை நாகைக்கு மாற்றிய முடிவும் அவருடையதே.

கேப் நாட்டில் முதல் திராட்சை ரசம் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2 அன்று. அந்த மண் கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலம். அவர்களை விரட்டிவிட்டுப் போட்ட தோட்டங்களுக்கு, 1652 முதல் 1808 வரை சுமார் 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து. ஆவணங்களில் 'வான் பெங்காலா', 'வான் மலபார்', 'வான் கொரமாண்டல்', வெறுமனே 'கரையைச் சேர்ந்தவன்' என்றெல்லாம் வரும். முதல் பெயரை எஜமானன் வைப்பான். டைட்டஸ், கியூபிடோ என்று ரோமானியப் பெயர்கள், அல்லது மாதத்தின் பெயர். செப்டம்பர், ஏப்ரல், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் அங்கே இன்றும் உண்டு. குளிர்காலத்தில் கொடியைக் கத்தரித்தார்கள், கோடையில் பழம் பறித்தார்கள், தொட்டியில் இறங்கிக் காலால் மிதித்துச் சாறு எடுத்தார்கள். தோட்டக்காரர் இறந்தால் மாடு, வண்டி, மரப்பீப்பாய் வரிசையில் இவர்களும் ஏலப் பட்டியலில் வருவார்கள்.

இங்கே ஒரு கசப்பான சங்கதியையும் சொல்ல வேண்டும். வான் டெர் ஸ்டெல் இறந்த பிறகு கான்ஸ்டான்ஷியா கைமாறி, 1724ல் அன்னா டி கோனிங் என்ற பெண்ணிடம் வந்தது. அவருடைய தாய் ஏஞ்சலா வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. அன்னாவும் சிறு பிள்ளையாக அடிமை நிலையில் இருந்து, 1666ல் தாயோடு விடுதலையானவர். அப்படிப்பட்டவர் நாட்டின் மிகப் பெயர்பெற்ற தோட்டத்துக்கு உரிமையாளரானார். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். 'நம்மாள் ஒருத்தர் மேலே வந்துவிட்டார்' என்று சுவரொட்டி அடிக்கிற நேரத்தில் அன்னாவை நினைத்துக்கொள்வது நல்லது. உரிமையாளர் மாறினார். கொடிக்கடியில் குனிந்து நின்றவர்களின் நிலைமை மாறவில்லை.

1834 டிசம்பர் 1 அன்று பிரிட்டிஷ் அரசு அங்கே அடிமை முறையை ஒழித்தது. 'பயிற்சிக் காலம்' என்று சொல்லி இன்னும் நான்கு ஆண்டு அதே எஜமானிடம் வேலை வாங்கிய பிறகே உண்மையில் விட்டார்கள். நஷ்டஈடாகச் சுமார் 12 லட்சம் பவுண்டு கேப் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அது எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. அதனால் அதே தோட்டத்துக்கே கூலிக்குத் திரும்பினார்கள். கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே ஊற்றிக் கொடுக்கும் 'டாப்' முறை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1960களில் சட்டம் தடை செய்தும் 1990கள் வரை சில இடங்களில் தொடர்ந்தது. கர்ப்பத்திலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பிறக்கும் பகுதிகளில் ஒன்றாக அந்த மாகாணம் இருப்பதற்கு இந்தக் கூலி முறையும் காரணம். 2012 நவம்பரில் டி டூர்ன்ஸ் ஊரில் தொடங்கிய வேலைநிறுத்தம் பரவிய பிறகுதான் பண்ணைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்டிலிருந்து 105 ராண்டாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 150.

அதே டிராக்கென்ஸ்டைனில், 1690ல் நிலமாக வழங்கப்பட்ட டெல்டா என்ற சிறு தோட்டத்தை 2000களின் தொடக்கத்தில் மார்க் சோம்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் வாங்கினார். வாங்கியபோது அங்கே ஏழு தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. எந்த எஜமானன் வந்தாலும் அந்த வீடுகளிலேயே இருந்தவர்கள். சோம்ஸ் முதலில் கொடி நடவில்லை. வரலாற்றாய்வாளர்களையும் தொல்லியலாளர்களையும் வரவழைத்து மண்ணைத் தோண்டவைத்தார். தொழிலாளர்களும் சேர்ந்து தோண்டினார்கள். கொய்கொய், அடிமை, நிறவெறிக் காலம் எல்லாவற்றையும் சொல்லும் ஓர் அருங்காட்சியகம் தோட்டத்துக்குள்ளேயே உருவானது. பிறகு அவரும் அவருடைய நண்பரும் தங்கள் நிலத்தை அடகு வைத்து, தொழிலாளர்களின் அறக்கட்டளை பக்கத்துத் தோட்டத்தை வாங்க வழிசெய்தார்கள். தொழிலில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்களுக்கு. 2016ல் அரசும் உள்ளே வந்து பாதிப் பங்கை எடுத்தது. ஆனால் ஒயின் விற்ற காசு கடனை அடைக்கப் போதவில்லை. சில ஆண்டுகளில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் தோட்டம் மறுபடியும் கைமாறியது.

இதை ஒரு நல்லவரின் தோல்வி என்று படிக்க நாங்கள் விரும்பவில்லை. அவர் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பங்குப் பத்திரம் தொழிலாளர் பெயரிலும், கடன், சந்தை, நிர்வாகம் வேறு கைகளிலும் இருந்தால், நெருக்கடி வரும் நாளில் பத்திரத்துக்கு என்ன பலம்? இதைக் கேட்க நாம் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. பொன்னேரி வட்டம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கைதான் 1892ல் பஞ்சமி நிலம் வழங்குவதற்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படி வழங்கியதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கரில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நின்றவர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

இந்தியாவில் 1843ல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் நீங்கியது. அண்ணல் அம்பேத்கர் அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியபோது சொன்ன ஒரு வாதம், டிராக்கென்ஸ்டைனைப் படிக்கும்போது உறைக்கிறது. அடிமை சொத்து என்பதால் அவனைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதில் எஜமானுக்கு ஒரு லாபம் இருந்தது. தீண்டப்படாதவரைச் சோறு போட்டுக் காக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

பழவேற்காட்டில் ஏரியும் அப்படித்தான் பங்கு போடப்பட்டிருக்கிறது. மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக்கொள்ளும் 'பாடு' உரிமை பட்டினவர் குப்பங்களுக்குப் பரம்பரையாக உண்டு. அவர்களும் ஏழைகள்தான். ஆனால் இருளர்கள் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பாடு கேட்ட தலித் மீனவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தகராறு. கொஞ்சம் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018ல் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து அதானி குழுமத்துக்குக் கைமாறியது. துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் முன்னவரிடம் கேட்ட நிரந்தர வேலையைப் பின்னவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கத்ரைனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், தென்னாப்பிரிக்காவில் அவருடைய வாரிசுகள் தங்கள் வேரைத் தேடிப் பழைய தாள்களைப் புரட்டியதுதான். நம் பக்கத்திலிருந்து யாரும் தேடவில்லை. கம்பெனியின் தாள்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிறைய இணையத்திலேயே ஏறிவிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு, அவை பெரும்பாலும் கொச்சியைப் பற்றியவை. படிக்க வேண்டியது பதினேழாம் நூற்றாண்டு டச்சு. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் தோழர்கள் யாராவது அந்த மொழியைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். குப்பங்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் இரண்டு பேர் கிடைத்தாலே போதும், 1622ஆம் ஆண்டுக் கப்பல் கணக்கிலிருந்து தொடங்கலாம்.