ஈரக் குப்பையும் விமான எரிபொருளும்: மாடம்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் இணைந்த ஐந்து பேரூராட்சிகளுள் மாடம்பாக்கமும் ஒன்று. தாம்பரம் விமானப்படை நிலையம் இதன் அருகில் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தொலைவில் இல்லை. இங்குள்ள வீடுகளும் உணவகங்களும் கழிக்கும் மக்கும் குப்பையை விமான எரிபொருளாக்க முடியுமா? ஒரு பகுதியை முடியும். எந்தக் கழிவு எந்த வழியில் போக வேண்டும் என்பதை அதிலுள்ள ஈரமே முதலில் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

2. எரிபொருளின் இலக்கணம்

ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் இருக்க வேண்டும். அது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களின் கலவை. சோறு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றிலோ ஆக்சிஜனும் கலந்திருக்கிறது. அதை நீக்குவதே எல்லா முறைகளுக்கும் பொதுவான பணி. ஏஎஸ்டிஎம் டி7566 தரநிலை இத்தகைய முறைகள் பலவற்றை ஏற்றுள்ளது. அவற்றில் கிடைக்கும் எரிபொருளை வழக்கமான எரிபொருளுடன் அதிகபட்சம் 50 சதவீதம் வரையே கலக்கலாம்.

3. கழிவுகளின் வகைப்பாடு

3.1 பொரித்த எண்ணெய்: இதில் ஈரம் மிகக் குறைவு. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் ஆக்சிஜன் பிரிந்துவிடும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கோர்சியா கணக்கில், வழக்கமான எரிபொருளின் வாழ்நாள் உமிழ்வு ஒரு மெகாஜூலுக்கு 89 கிராம். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து இம்முறையில் பெறுவதற்கு 13.9 கிராம்.

3.2 உலர்ந்த கழிவு: தென்னை மட்டை, ஓலை, வெட்டிய கிளை போன்றவற்றைக் குறைந்த ஆக்சிஜனில் சூடேற்றி வாயுவாக்கலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஃபிஷர்-டிராப்ஷ் முறையில் இணைத்தால் திரவ எரிபொருள் கிடைக்கும்.

3.3 ஈரக் கழிவு: எடையில் பெரும்பகுதி நீராக உள்ள உணவுக் கழிவை வாயுவாக்க முனைந்தால், நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். காற்றில்லாக் கலனில் நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்குவதற்கு உலர்த்தவே தேவையில்லை. மீத்தேனையும் விமான எரிபொருளாக மாற்றலாம். ஆனால் படிகள் கூடும், செலவும் கூடும். அந்த வாயுவை அடுப்புக்கும் வாகனத்துக்கும் நேரடியாகப் பயன்படுத்துவதே சிக்கனம்.

4. அனுபவம் காட்டுபவை

2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் உயிரி எரிபொருள் கலந்து பறந்தது. காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து அதைத் தயாரித்தது டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். 2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கச் சர்வதேசச் சான்று பெற்றது.

அமெரிக்காவின் நெவாடாவில் நகரக் குப்பையை வாயுவாக்கி எரிபொருளாக்க முயன்ற ஃபுல்க்ரம் நிறுவனம் 2024 செப்டம்பரில் திவால் மனு அளித்தது. எண்ணெய் வழி வணிகமாக வளர்ந்துவிட்டது. குப்பையை வாயுவாக்கும் வழி இன்னும் அந்நிலையை எட்டவில்லை.

5. முடிவும் பரிந்துரையும்

சர்வதேச விமானங்களுக்கு 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 சதவீதக் கலப்பு என்பது இந்தியா அறிவித்த இலக்கு. இதற்கு மாடம்பாக்கம் உடனே தரக்கூடியது பொரித்த எண்ணெய். மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடப்பிலுள்ள உணவுப் பாதுகாப்பு விதி. பஜ்ஜிக் கடையிலிருந்து கல்யாண மண்டபம் வரை அத்தகைய எண்ணெயைச் சேகரித்தால், அது மீண்டும் வாணலிக்கோ சாக்கடைக்கோ போகாது. ஹைட்ரஜன் வசதியுள்ள மணலி சுத்திகரிப்பு ஆலையில் அதைக் கச்சா எண்ணெய்ப் பகுதிகளுடன் சேர்த்துப் பதப்படுத்தும் சாத்தியத்தை அரசு ஆராய வேண்டும். உணவுக் கழிவு வட்டார உயிரிவாயுக் கலனுக்கும், உலர்ந்த கழிவு தனிச் சேமிப்புக்கும் செல்லட்டும்.

இவை யாவும் வீட்டு வாசலில் தரம் பிரிப்பதைச் சார்ந்தவை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைக் கட்டாயமாக்கின. கலந்த குப்பையிலிருந்து தரமான எரிபொருளைப் பெறுவது கடினம் என்பதால், ஆலை அமைப்பதற்கு முன் தரம் பிரிப்பை முழுமையாக்குவதே மாநகராட்சியின் முதல் பணியாக வேண்டும். அதற்கு ஒத்துழைப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.