திடீர் வாதமும் மெல்ல வரும் தளர்ச்சியும்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் குழந்தைகளை ‘எழுதி அனுப்பும்’ வழி உருவான வரலாறு

திருவள்ளூர் மாவட்டத்தில் கால் தளர்ந்த குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பும் வழியின் பெரும்பகுதியை அமைத்துத் தந்தது இளம்பிள்ளை வாத (போலியோ) ஒழிப்புப் பணி. அதனால் திடீரென வரும் வாதத்துக்கு அந்த வழி அகலமாக இருக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல வளரும் தசைத் தளர்ச்சிக்கு இன்றும் குறுகலாகவே இருக்கிறது.

சிறப்பு மருத்துவம் இங்கே காலத்தாழ்வாக வரவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார்கள். இளவயதினரின் கை கால்களைச் சூம்பவைக்கும் ஒரு நரம்பு நோயின் தனிப் போக்கை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவர் 1970-இல் எழுதினார்கள். உலக மருத்துவ நூல்களில் அந்த நோய் சென்னையின் பெயரோடுதான் நிற்கிறது. இந்த மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் புறப்படும் புறநகர் ரயில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் கடந்து சென்னை சென்ட்ரலில் நிற்கிறது. சாலையின் எதிர்ப்பக்கம் அந்த அரசுப் பொது மருத்துவமனை. ஆகவே, தொலைவைவிட ‘அனுப்ப வேண்டும்’ என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி.

இந்தியா 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்களைத் தொடங்கியது. திருவள்ளூர் தனி மாவட்டமான 1997-இலேயே திடீர்த் தளர்வாதக் கண்காணிப்பும் தொடங்கியது. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தாலும் தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் விசாரணை. 14 நாளுக்குள் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள். அவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களுள் ஒன்று கிண்டி கிங் நிலையம். காரணம் தெரியும் முன்பே அனுப்பு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். நாட்டின் கடைசி இயல்வகைப் போலியோ 2011 ஜனவரி 13-இல் பதிவானது. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

தசைச் சிதைவு நோய்க்கு இப்படிக் கெடு எதுவும் இல்லை. அதன் டூஷேன் வகையில் பையன் தாமதமாக நடக்கிறான், அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் தடித்துத் தெரிகிறது. தொடையில் கையை ஊன்றி எழுவதை மருத்துவர் கவர்ஸ் 1879-இலேயே விளக்கினார். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் கூடுவதை ஜப்பானில் எபாஷி குழுவினர் 1959-இல் காட்டினார்கள். ஆனாலும் அமெரிக்க ஆய்வொன்றில்கூட, பெற்றோர் முதலில் ஐயுற்றது ஏறத்தாழ இரண்டரை வயதில். நோய் உறுதியானது ஏறத்தாழ ஐந்து வயதில். இங்கே இன்னொரு பொறியும் உண்டு. கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் தசை சிதைந்தாலும் ஏறும். அதைக் கல்லீரல் நோயென்று எடுத்துக்கொண்டால் குழந்தை தவறான சிறப்பு மருத்துவரிடம் போய்ச் சேரும், மாதங்கள் வீணாகும்.

2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. அதன் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் போகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இரு வருகைகளுக்கிடையில் ஊர் மாறிவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சென்னைப் பயணம் ஒரு நாள் கூலி இழப்பு. பரிந்துரைச் சீட்டு கையில் இருந்தும் பயணம் தள்ளிப்போக அதுவே போதும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2020-இல் கோவை ஆய்வு மையம் ஒன்று 961 நோயாளிகளின் மரபணு ஆய்வை வெளியிட்டது. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆகப் படிகள் இருக்கின்றன; அவற்றைக் கோக்கும் கெடுதான் இல்லை.

ஆலைப் புகையால் வந்ததோ, சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்ததோ என்று குடும்பங்கள் குமைவது இயல்பு. டூஷேன் வகைக்கு இரண்டுமே காரணமல்ல. சில பிற தசை நோய்களில் உறவுமணத்துக்குப் பங்குண்டு. தோலில் தடிப்போடு வரும் தசையழற்சி போன்றவை மருந்துக்குக் கட்டுப்படும். அதனால்தான் பெயர் தெரியாத நிலையிலேயே அனுப்ப வேண்டும் என்கிறேன். எப்போது நடந்தான், எந்தத் திறனை இழந்தான், தாய்வழியில் மாமன்மாருக்கு இப்படி இருந்ததா, கைனேஸ் அளவு என்ன: சீட்டில் இவ்வளவு இருந்தால் நரம்பியல் மருத்துவர் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கலாம். டூஷேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிய மரபணு மாற்றத்தால் வருவது. மற்றவற்றில் தாய் அதைச் சுமக்கிறாள். அவளுக்கான சோதனை அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே முடிய வேண்டும்.