தகரக் கொட்டகையின் சரித்திரம்

கல்லில் கட்டியவனுக்குத்தான் சரித்திரத்தில் இடம் என்று ஓர் எண்ணம் நமக்கு உண்டு. கோட்டை கட்டியவன், கோபுரம் எழுப்பியவன், கல்வெட்டு பொறித்தவன் இவர்களைத்தானே ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் போவார்கள்? ஆனால் பிரிட்டனில் சுமார் முப்பது வருஷங்களாகச் சிலர் வேறொன்றையும் தேடி வயல் வயலாக நடக்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் பிரித்து எறிந்துவிடலாம் என்று எண்ணிப் போட்ட ராணுவக் கொட்டகைகளை!

அவற்றில் பேர்போனது நிஸ்ஸன் கொட்டகை. முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1916-ஆம் வருஷம், பீட்டர் நார்மன் நிஸ்ஸன் என்ற ராணுவ இஞ்சினீயர் அதைத் திட்டமிட்டார். நெளிநெளியான தகரத்தை வளைத்து, இரு பக்கமும் தரையைத் தொடும்படி நிறுத்துவதுதான் அவர் கண்ட உபாயம். நம் ஊர்க் கூண்டு வண்டியின் கூண்டை மட்டும் கழற்றித் தரையில் இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். 27 அடி நீளம், 16 அடி அகலம். பிரித்து அடுக்கினால் ஒரே வண்டியில் ஏறிவிடும். ஆறு பேர் சேர்ந்தால் நாலு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். அந்த யுத்தத்திலேயே குறைந்தது ஒரு லட்சம் கொட்டகைகள் செய்தார்கள். இரண்டாம் யுத்தம் வந்தபோது, விமான தளம், பீரங்கி முகாம், கைதிகள் முகாம் என்று நாட்டுப்புறமெங்கும் இவை மறுபடி முளைத்தன.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இவற்றில் இரண்டுக்கு விசித்திரமான அதிர்ஷ்டம் அடித்தது. 1939 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அங்கிருந்த துறைமுகத்துக்குள் புகுந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இனி எந்தக் கப்பலும் அந்த வழியே நுழையாதபடி தீவுகளுக்கிடையே தடுப்பணை கட்ட உத்தரவாயிற்று. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளை அந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். 1943-இல் அந்தக் கைதிகளுக்கு இரண்டு கொட்டகைகள் கிடைத்தன. அவற்றை முனையோடு முனை சேர்த்து ஒரு தேவாலயமாக்கினார்கள். பீடத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். மாட்டிறைச்சி அடைத்து வந்த தகர டப்பாக்களை வெட்டி விளக்கு செய்தார்கள். டொமெனிக்கோ கியோகெட்டி என்ற கைதி உள்ளே சித்திரம் தீட்டினார். சகாக்கள் தீவை விட்டுப் போன பிறகும், பாக்கி வேலையை முடிப்பதற்காக அவர் மட்டும் தங்கினார். 1960-இல் திரும்ப வந்து தம் சித்திரங்களைத் தாமே புதுப்பித்தும் கொடுத்தார். முகாமின் மற்றக் கொட்டகைகள் போய்விட்டன. அந்தத் தேவாலயம் இன்றும் நிற்கிறது.

அழகு காப்பாற்றிய கொட்டகைகள் அவை. அழகில்லாத மற்றவை என்ன ஆயின?

யுத்தம் முடிந்ததும் சிப்பாய் வீட்டுக்குப் போனான். வீடில்லாதவன் கொட்டகைக்கு வந்தான். குண்டு வீச்சில் எத்தனையோ வீடுகள் அழிந்திருந்தன. யுத்த காலத்தில் புது வீடும் அநேகமாக எழும்பவில்லை. 1946 மே மாதம், ஸ்கன்தார்ப் என்ற ஊரில் சினிமாப் படம் ஓட்டும் தொழிலாளி ஒருவர், காலியாகக் கிடந்த பீரங்கி முகாமில் குடும்பத்தோடு குடிபுகுந்தார். யாரையும் அவர் அனுமதி கேட்கவில்லை. செய்தி பரவியது. அக்டோபருக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 40,000 பேர் குடியேறிவிட்டார்கள். சர்க்கார் என்ன செய்யும்? அத்தனை பேரையும் தெருவில் தள்ள முடியுமா? கடைசியில் பல இடங்களில் நகரசபைகளே அந்த முகாம்களை ஏற்று நடத்தின. தற்காலிகம் என்ற அந்தத் தகரத்துக்கடியில் குழந்தைகள் பிறந்து வளர்ந்தன.

அப்புறம்தான் கொட்டகைகள் மறையத் தொடங்கின. சில வைக்கோல் போட உதவின. சில பன்றிக் கொட்டிலாயின. பல துருப்பிடித்து உதிர்ந்தன. 1995 முதல் 2002 வரை பிரிட்டிஷ் தொல்பொருள் ஆராய்ச்சி மன்றம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 600 தொண்டர்கள் அலைந்து, ஏறக்குறைய 20,000 ராணுவ இடங்களைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் எஞ்சியிருப்பது கான்கிரீட் தரைதான். அது மண்ணில் மூடிப் போனாலும் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கோடை முற்றும்போது அதன் மேலுள்ள புல் மற்றப் புல்லுக்கு முன்னால் காய்ந்துவிடும். ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால், பச்சை வயலில் வரிசை வரிசையாக நீண்ட சதுரங்கள்!

இதற்கெல்லாம் ராணுவக் காகிதங்கள் போதாதா என்று கேட்கலாம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் சொல்லுவேன்: போதாது. ராணுவ வரைபடத்தில் கொட்டகை ஒரே கூடம். அங்கே குடிவந்த குடும்பமோ குறுக்கே தடுப்பு வைத்து அதை அறைகளாக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை என்று அந்தத் தடுப்பு நின்ற கோடு எந்த வரைபடத்திலும் கிடையாது, தரையில்தான் உண்டு. உத்தரவு போட்டவனின் சரித்திரம் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. உத்தரவில்லாமல் வாழ்ந்தவளின் சரித்திரத்துக்கு அந்தத் தரைதான் சாசனம்.

அந்தச் சாசனத்தை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. ஏர் உழும், புது வீடு கட்டக் கடைகால் தோண்டுவார்கள். வேண்டாமென்று சொல்லவும் முடியாது. இன்றைக்கும் வீடு இல்லாதவனுக்கு வீடு வேண்டும்தானே? ஆனால் 1946-இல் அங்கே ஐந்து வயதுக் குழந்தையாக ஓடியாடியவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். தரையைப் பெயர்ப்பதற்கு முன் அவரை ஒரு தடவை அழைத்து வந்து, "உங்கள் அம்மா எந்தப் பக்கம் அடுப்பு வைத்திருந்தாள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். கடப்பாறை ஒரு நாள் காத்திருக்கலாம்.