கையுறை

'கையுறை' (ரஷ்ய மொழியில் 'வாரெஷ்கா') 1967-இல் வெளிவந்த சோவியத் பொம்மை அனிமேஷன் குறும்படம். மாஸ்கோவின் சோயுஸ்முல்த்ஃபில்ம் நிறுவனம் தயாரித்த இப்படத்தை ரோமான் கச்சானோவ் இயக்கினார். திரைக்கதை ஷான்னா வித்தேன்சோன். பொம்மைகளுக்கு உருவம் தந்தவர் ஓவியர் லியோனித் ஷ்வார்ட்ஸ்மன். இசை வதிம் கமாலியா. சுமார் 10 நிமிடம் ஓடும் படத்தில் வசனமே கிடையாது.

கதை எளியது. பனி கொட்டும் நகரம். அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வழியே ஒரு சிறுமி, நாய்களோடு விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து ஏங்குகிறாள். அம்மா புத்தகத்தில் மூழ்கியிருக்கிறாள். அண்டை வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வருகிறாள் சிறுமி. அம்மா சம்மதிக்கவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிறது. பிறகு தன் சிவப்புக் கம்பளிக் கையுறையையே நாயாகப் பாவித்து வெளியே அழைத்துப் போகிறாள். அவள் வைத்த அன்பில் கையுறை உயிர்பெற்று, கம்பளி நாய்க்குட்டியாகித் துள்ளுகிறது. மற்ற நாய்களோடு போட்டியிலும் இறங்குகிறது. வெற்றி என்னவோ வேறொரு நாய்க்குத்தான்.

வீடு திரும்பியதும் வரும் காட்சிதான் படத்தின் உயிர். மறுபடி வெறும் கையுறையாகிவிட்ட அதன் முன்னால் சிறுமி பால் கிண்ணத்தை வைக்கிறாள். அம்மா அதைப் பார்த்துவிடுகிறாள். கெஞ்சலும் அழுகையும் இல்லை, அறிவுரையும் இல்லை. மகளின் மனத்தில் இருப்பது அந்த ஒரு கிண்ணத்தில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அண்டை வீட்டுக்குப் போய் நாய்க்குட்டியை வாங்கி வருகிறாள்.

விலங்குகளிடம் பரிவு காட்டச் சொல்லும் குழந்தைப் படங்கள் பலவற்றில் விலங்குகள் மனிதரைப்போலப் பேசும். 1942-இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி'யில் மான்குட்டியும் முயலும் பேசிக்கொள்ளும். கச்சானோவ் அந்த வழியை நாடவில்லை. நாய் இங்கே நாயாகவே இருக்கிறது. அதன் தேவையை மனிதர்தாம் கவனித்து அறிய வேண்டும். அம்மாவையும் அவர் கொடுமைக்காரியாகக் காட்டவில்லை. அவள் தன் வேலையில் ஆழ்ந்து குழந்தையைக் கவனிக்காமல் விட்டவள், அவ்வளவே. ஆகவே பரிவைக் கற்றுக்கொள்பவள் சிறுமி அல்ல, அம்மா. இந்தத் திருப்பமே மற்ற நீதிக்கதைகளிலிருந்து இப்படத்தை உயர்த்தி நிறுத்துகிறது.

பொம்மை அனிமேஷனில் மூட்டுகள் கொண்ட பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுப்பார்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். 10 நிமிடத்துக்கு 14,400. ஒரு நிலையை இரண்டு சட்டகங்களுக்கு நீட்டினாலும் ஏழாயிரம் முறைக்கு மேல் பொம்மையைத் தொட்டுச் சரிசெய்தாக வேண்டும். கம்பளி நாயின் ஒவ்வொரு வாலாட்டலும் அப்படிக் கையால் பிறந்ததுதான். இதில் அனிமேட்டராக உழைத்தவர்களில் ஒருவர் யூரி நார்ஸ்டீன். பிற்காலத்தில் 'மூடுபனியில் முள்ளெலி' (1975) படத்தால் உலகப் புகழ் பெற்றவர்.

கச்சானோவும் ஷ்வார்ட்ஸ்மனும் தொடர்ந்து இணைந்து, எட்வர்ட் உஸ்பென்ஸ்கியின் கதையைக் கொண்டு 1969-இல் 'முதலை கேனா'வை உருவாக்கினர். பெரிய காதுகளுடன் ரஷ்யக் குழந்தைகளின் செல்லமாகிவிட்ட செபுராஷ்காவின் திரை உருவம் அதில்தான் பிறந்தது. கச்சானோவ் 1993-இல் காலமானார். ஷ்வார்ட்ஸ்மன் 2022-இல், தம் 101-ஆம் வயதில்.

நாய் வளர்ப்பதன் அன்றாடப் பாடுகளை இப்படம் காட்டுவதில்லை என்பது உண்மையே. உணவு, தடுப்பூசி, நாள்தோறும் வெளியே கூட்டிப் போவது ஆகியவற்றைப் பெரியவர்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். வசனம் இல்லாததால் தமிழ்க் குழந்தைகளுக்கு மொழிமாற்றம் தேவைப்படாது. செல்லப்பிராணி வேண்டுமென்று பிள்ளை கேட்கும் வீடுகளில், சரி என்றோ கூடாது என்றோ சொல்வதற்கு முன்பு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.