துண்டுச் சீட்டும் தோட்டப் பள்ளியும்

மலைநாட்டில் தேயிலை பெருகிய நாளிலே, கங்காணியொருவன் தன் ஆட்களுடன் வேறு தோட்டத்திற்குப் பெயர வேண்டின், ‘துண்டு’ எனப்பட்ட சிறு சீட்டு இன்றியமையாததாயிற்று. குறித்த கடன் தீர்க்கப்படின் இவனும் இவன் ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்று துரை ஒப்பமிட்டு வழங்கிய தாள் அது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தும். செலுத்திய தொகை கங்காணியின் பெயரிலும், அவன் வழியாக ஆட்களின் தலையிலும் மீண்டும் ஏறும். தம்மைப் பிணித்த அத்தாளைப் படித்தறியும் ஆற்றல் அவருள் மிகச் சிலர்க்கே இருந்தது.

மலைநாட்டின் ஏற்றத்தாழ்வைச் செல்வத்தாலும் சாதியாலும் மட்டும் அளப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆங்கே எழுத்தும் ஓர் ஆட்சிக் கருவியே. பிரட்டில் பெயர் கொடுத்து மலையேறியவளுக்கு ஏட்டில் ‘அரைப்பேர்’ என விழுந்தால், கிடைப்பது அரைநாட் கூலியே. அவ்வேட்டை எழுதிய கணக்கப்பிள்ளையை லயத்து மக்களினின்றும் உயர்த்தி வைத்தவை எழுத்தும் கணக்கும், துரையோடு பேசப் போதிய ஆங்கிலமுமே. துரைமாரும் தமிழ் கற்றனர். ஆயின், வெல்சு என்பார் அவர்க்கென 1915இல் வெளியிட்ட கைந்நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. எதற்காகக் கற்றனர் என்பதைப் பெயரே சொல்லும்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்குங் கடமையைத் தோட்டத்துரைமார்மேற் சுமத்தியது. பத்துக்கு மேல் அக்கைகள் கொழுந்துக்கு உரியன போலும்! அலுவலகக் கதவைத் திறக்கும் ஆங்கிலமோ அக்கடமையுள் அடங்கவில்லை.

துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் நிறுவிய கோ. நடேசையர் அச்சையும் போராட்டக் கருவியாக்கினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடிய பாடல்கள், எழுத்தறியாதார் செவியையும் எட்டின. அச்சு ஏடு செய்யவியலாததைப் பாட்டு செய்தது.

எனினும் தாளின் ஆட்சி நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டமோ, மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்கக் கோரியது. லயத்திற் பிறந்து லயத்திலேயே மாண்டோரின் பிள்ளைகள் பத்திரம் தேடி அலைந்தனர். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை எய்தியோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.